இக்காலச் சிறுதேர்

உருளும் சக்கரத்தைக் கண்டு மகிழாத குழந்தை உலகில் இல்லை. நடை பழகும் பருவத்தில் அது நடைவண்டியைப் பற்றிக்கொண்டு தளர்நடை போடுகிறது. சற்றே வளர்ந்ததும், நுங்கு எடுத்த பனங்காய் இரண்டைக் குச்சியில் கோத்து, கவைக்கோலால் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் ஓடுகிறது. பின்னர்ப் பழைய சைக்கிள் டயர் ஒன்று கிடைத்துவிட்டால், அதனைத் தட்டி ஓட்டும் ஆர்வத்தில் பசியும் மறந்துபோகிறது. இவ்விருப்பம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. காவிரிப்பூம்பட்டினத்துச் சிறுவர், குதிரை பூட்டாத மூன்று சக்கரத் தேரை உருட்டி விளையாடிய காட்சியைப் பட்டினப்பாலை காட்டுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பத்துப் பருவங்களுள் இறுதியாக அமைவது சிறுதேர்ப் பருவமே.

அச்சிறுதேர் இக்காலத்தில் புதிய உருவம் பெற்றுள்ளது. அதனை இழுக்கக் கயிறும் வேண்டுவதில்லை. தள்ளக் கோலும் வேண்டுவதில்லை. தொலைவில் நிற்கும் சிறுவன் கையில் ஒரு சிறு கருவி இருக்கிறது. அவன் விரலை அசைத்தால், நாற்பது அடிக்கு அப்பால் வண்டி வளைகிறது, மண்மேட்டில் ஏறுகிறது, காற்றில் தாவுகிறது, தரையில் இறங்கி மீண்டும் விரைகிறது. மின்சாரத்தால் ஓடி, வானொலி அலையால் இயக்கப்படும் இவ்வண்டிக்குப் ‘பக்கி’ என்று பெயர். மண் தரையிலும் மேடுபள்ளத்திலும் ஓடத் தக்கவாறு அமைந்தது என்பது அதன் பொருள். தெருவில் அதனை ‘ரிமோட் கார்’ என்பர். ஆயினும் கடையில் தொங்கும் பொம்மைக் காருக்கும் இதற்கும் வேறுபாடு மிகுதி. பொம்மை பழுதுபட்டால் எறியப்படும். பந்தயத்துக்குரிய வண்டியோ ஒவ்வோர் உறுப்பாகக் கழற்றி மாட்டத் தக்கதாய், பழுது நீக்கிப் பல ஆண்டுகள் ஓட்டத் தக்கதாய் விளங்குகிறது.

இதன் வரலாறு சுவையானது. 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீச சந்திர போஸ், கம்பியின் துணையின்றி மின்காந்த அலைகளை அனுப்பித் தொலைவில் இருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1898-இல் நிக்கோலா டெஸ்லா நியூயார்க் நகரில் ஒரு சிறு படகை வானொலி அலையால் செலுத்திக் காட்டினார். கம்பியின்றி ஆணை செல்லும் என்னும் உண்மை இவ்வாறு நிலைபெற்றது. அதனை விளையாட்டுக்குப் பயன்படுத்தியவர் பின்னர் வந்தனர். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்துத் தமியா நிறுவனம் 1976-இல் மின்சாரத்தால் ஓடும் தொலைவியக்கக் கார் ஒன்றையும், 1979-இல் மண்ணிலும் மணலிலும் ஓடும் பக்கி வண்டிகளையும் வெளியிட்டது. 1985-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்து டெல் மாரில், பத்தில் ஒரு பங்கு அளவுடைய மின்சாரப் பக்கிகளுக்கு முதல் உலகப் போட்டி நடந்தது. அன்று முதல் இது வெறும் பொழுதுபோக்காக அன்றி, விதிமுறைகள் உடைய விளையாட்டாகவும் வளர்ந்து வருகிறது.

‘பத்தில் ஒரு பங்கு’ என்பதில் ஒரு கணக்கு மறைந்திருக்கிறது. நீளம் பத்தில் ஒன்றாகக் குறையும்போது பரப்பு நூறில் ஒன்றாகிறது. பருமனோ ஆயிரத்தில் ஒன்றாகிறது. பெரிய காரின் எடை டன் கணக்கில் இருக்க, இவ்வண்டியின் எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம்தான். ஆதலால், பெரிய கார் கவிழ்ந்தால் நொறுங்கும் இடத்தில், சிறுதேர் உருண்டு புரண்டு எழுந்து மீண்டும் ஓடுகிறது. ஆயினும் சிறிதென்று எண்ணி இகழ்தல் தகாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி காலில் மோதினால் கணுக்கால் எலும்புக்கும் கேடு விளையலாம். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் விதி. ஓட்டத் தொடங்குவோன் முதலில் உணர வேண்டுவது இதுவே.

சேலம், நாமக்கல் சமவெளி இவ்விளையாட்டுக்கு மிகவும் ஏற்ற நிலம் எனலாம். வடக்கே சேர்வராயன் மலையும் கிழக்கே கொல்லிமலையும் காவல் நிற்க, இடையே செம்மண் நிலம் பரந்து கிடக்கிறது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தபோதிலும், தொழிலால் இவ்விரு மாவட்டங்களும் இன்றும் இணைந்தே நிற்கின்றன. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்துள்ளன. சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. திருச்செங்கோட்டிலிருந்து ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகள் வட மாநிலங்கள் வரை செல்கின்றன. சேலத்திலோ கஞ்சமலை இரும்புத்தாதும் உருக்காலையும் உண்டு. இரும்பும் சக்கரமும் இங்குள்ளோர்க்குப் புதியவை அல்ல. பள்ளி விட்டு வரும் வழியில், வெல்டிங் பொறி சிதறுவதையும், அச்சு கழற்றப்படுவதையும் மாணவர் பலர் நாள்தோறும் காண்கின்றனர்.

அப்பட்டறையில் காணும் பெரிய உறுப்புகள் பலவும் சிறுதேரில் சிறு உருவில் அமைந்துள்ளன. எடுத்துக்காட்டாக, லாரி ஒரு வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் நெடுந்தொலைவும், உட்புறச் சக்கரம் குறுந்தொலைவும் ஓட வேண்டும். இரண்டும் ஒரே வேகத்தில் சுழன்றால் டயர் தரையில் தேய்ந்து இழுபடும். இதனைத் தவிர்க்கவே பின் அச்சின் நடுவில் டிஃபரன்ஷியல் என்னும் பல்சக்கரத் தொகுதி வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அத்தகைய தொகுதி சிறுதேரிலும் உண்டு. லாரியின் அடியில் அதிர்ச்சியைத் தாங்கும் வில்பட்டைகள் இருப்பதுபோல், சிறுதேரின் நான்கு மூலைகளிலும் எண்ணெய் நிரப்பிய அதிர்வு தாங்கிகள் நிற்கின்றன. எண்ணெய் கெட்டியாயின் வண்டி விறைத்துத் துள்ளும். மிக நீர்த்ததாயின் தள்ளாடும். தக்க எண்ணெயைத் தேர்ந்தெடுப்பது அனுபவத்தால் வரும் அறிவு.

ஆகவே புதிதாகத் தொடங்கும் மாணவன் உறுப்புகளாக வரும் வண்டியை வாங்கித் தானே பூட்டுவது நலம். ஆயத்தமாக வரும் வண்டியை வாங்கினாலும், ஒரு முறையேனும் அதனைக் கழற்றிப் பூட்டிப் பார்த்தல் வேண்டும். இதற்குத் தேவைப்படும் கருவிகள் சிலவே: நல்ல திருப்புளிகள், அறுகோணச் சாவிகள், ஒரு குறடு, பழைய பல் துலக்கி. பிளாஸ்டிக்கில் ஏறும் திருகை அளவுக்கு மீறி முறுக்கினால் மரை அழிந்துவிடும். தளர விட்டால் ஓட்டத்தில் உதிர்ந்துவிடும். எவ்வளவு முறுக்குவது என்பதை எந்த நூலும் முழுமையாகச் சொல்ல இயலாது. விரலே அதனைக் கற்றுக்கொள்ள வேண்டும். பட்டறையில் முப்பது ஆண்டு உழைத்த மேஸ்திரியின் கை அறியும் அளவும் இவ்வாறு கற்றதே ஆகும்.

வண்டியின் விலை சிறிதன்று. ஒவ்வொரு மாணவனும் தனித்தனியே வாங்குதல் எளிதும் அன்று, இன்றியமையாததும் அன்று. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டியைப் பேணலாம். நிதி ஆயோக் 2016-இல் தொடங்கிய திட்டத்தின்படி அடல் டிங்கரிங் ஆய்வகம் அமைந்த பள்ளிகளில், மின்னணுக் கருவிகளும் முப்பரிமாண அச்சுப்பொறியும் மாணவர் கைக்கு எட்டும். முறிந்த சிறு உறுப்பை அளந்து, வரைந்து, அங்கேயே செய்து பார்க்க இயலும். ஒருவன் ஓட்ட, ஒருவன் நேரம் குறிக்க, ஒருவன் பாட்டரியைக் கவனிக்க, மாறி மாறிப் பயிலும்போது செலவும் குறையும், கல்வியும் பெருகும்.

பாட்டரியைப் பற்றித் தனியே கூறுதல் வேண்டும். முற்காலத்து வண்டிகளில் ஆறு நிக்கல்–காட்மியம் மின்கலங்கள் சேர்ந்து 7.2 வோல்ட் மின்னழுத்தம் தந்தன. இக்காலத்தில் லித்தியம்–பாலிமர் பாட்டரிகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. இரு கலங்கள் கொண்ட பாட்டரியின் இயல்பான அழுத்தம் 7.4 வோல்ட், முழுதும் ஏற்றியபின் 8.4 வோல்ட். இது எடை குறைந்தது, ஆற்றல் மிகுந்தது. ஆனால் முறை தவறினால் தீப்பற்றும் இயல்பும் உடையது. அதற்கென்றே அமைந்த சமநிலைச் சார்ஜரால்தான் இதனை ஏற்ற வேண்டும். 5000 மில்லி ஆம்பியர்–மணி கொள்ளளவுள்ள பாட்டரியை 5 ஆம்பியர் அளவில் ஏற்றினால், முழுதும் நிரம்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். ஏற்றும்போது தீத்தடுப்புப் பையில் வைத்தல், வீங்கிய பாட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தாதிருத்தல், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுச் செல்லாதிருத்தல் ஆகியவை விலக்க இயலாத விதிகள். ‘ஐந்து நிமிடம்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?’ என்னும் எண்ணமே பல விபத்துகளுக்கு வித்தாகும்.

இனி ஓட்டப் பயிற்சிக்கு வருவோம். பொதுச்சாலை இதற்கு உரிய இடம் அன்று. நிலக்கடலை பறித்த நிலம், மரவள்ளி பிடுங்கிய நிலம், பள்ளி விளையாட்டுத் திடலின் ஒரு மூலை ஆகியவற்றுள் ஒன்றை உரியவரிடம் கேட்டுப் பெறலாம். பழைய குழாய்களைத் தரையில் பதித்து ஓடுபாதையின் எல்லையை வகுக்கலாம். மண்வெட்டியால் இரண்டு மேடுகள் அமைத்து, புழுதி அடங்க நீர் தெளித்தால் பாதை ஆயத்தமாகிவிடும். தளர்ந்த புழுதியில் முள்போல் நீண்ட பற்களையுடைய டயர் பிடிக்கும். நீர் தெளித்து இறுகிய தரையில் தாழ்ந்த பற்களே நன்கு பிடிக்கும். சேற்று வயலுக்கும் தார்ச் சாலைக்கும் ஒரே டயர் பொருந்தாது என்பதை அறிந்த உழவர் பிள்ளைக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

வண்டியை முதன்முதல் ஓட்டுவோன் உடனே ஒரு விந்தையை எதிர்கொள்கிறான். வண்டி அவனை விட்டு அகன்று செல்லும்போது, கருவியை வலப்புறம் திருப்பினால் வண்டியும் அவனுக்கு வலப்புறமே செல்கிறது. அதே வண்டி திரும்பி அவனை நோக்கி வரும்போது, வலப்புறம் திருப்பினால் அவனுக்கு இடப்புறம் செல்கிறது! வண்டி தவறு செய்யவில்லை. வண்டியின் வலம் வேறு, நிற்பவனின் வலம் வேறு என்பதை அவன் மறந்துவிட்டான். இக்குழப்பம் தீர ஒரே வழிதான் உண்டு. மனத்தால் அவ்வண்டிக்குள் ஏறி அமர்ந்து, அதன் முன்புறம் நோக்கிப் பார்க்க வேண்டும். தான் நிற்கும் இடத்திலிருந்தே உலகை அளக்கும் பழக்கம் நமக்கு இயல்பாக உள்ளது. அதனை விட்டு, பிறிதோர் இடத்திலிருந்து காணும் பயிற்சியை இச்சிறுதேர் ஒவ்வொரு வளைவிலும் அளிக்கிறது.

அடுத்துக் கற்க வேண்டுவது நிதானம். ஒரு கணக்கைப் பார்ப்போம். ஒரு பாதையைப் பத்து முறை சுற்ற வேண்டும். முதலாமவன் விரைந்து, ஒவ்வொரு சுற்றையும் 27 விநாடியில் முடிக்கிறான்; ஆனால் இடையில் நான்கு முறை கவிழ்ந்து, ஒவ்வொரு முறையும் 8 விநாடி இழக்கிறான். இரண்டாமவன் கவிழாமல், ஒவ்வொரு சுற்றையும் 30 விநாடியில் முடிக்கிறான். முதலாமவனுக்கு ஆன நேரம் 270 விநாடியும் 32 விநாடியும் சேர்ந்து 302 விநாடி. இரண்டாமவனுக்கோ 300 விநாடிதான். வேகமானவன் தோற்றான், சீரானவன் வென்றான். கரூர்ச் சாலையிலும் பெங்களூர்ச் சாலையிலும் இரவெல்லாம் வண்டி ஓட்டும் லாரி ஓட்டுநருக்கு இக்கணக்கு நன்கு தெரியும். சரக்கு குறித்த ஊரில் குறையின்றிப் போய்ச் சேர்வதே அவர் தொழில். வழியில் எத்தனை வண்டிகளை முந்தினார் என்று எவரும் கேட்பதில்லை. வீட்டில் காத்திருப்போரும் அவர் திரும்பி வருவதையே எதிர்நோக்குகின்றனர்.

எனவே தொடங்குவோன் ஆற்றல் மிக்க மோட்டாரை நாடுதல் கூடாது. விரைவு குறைந்த மோட்டாரைப் பூட்டி, பாதையின் ஓரத்தைத் தொடாமல் பத்துச் சுற்று வரக் கற்றபின், மேட்டின்மேல் தாவப் பழகலாம். தாவும்போது ஓர் அரிய உண்மை புலப்படும். வண்டி காற்றில் இருக்கும்போது விசையை முடுக்கினால் அதன் முன்புறம் உயர்கிறது. பிரேக்கை அழுத்தினால் முன்புறம் தாழ்கிறது. தரையைத் தொடாத சக்கரம் எவ்வாறு வண்டியைத் திருப்பும்? சக்கரம் ஒரு திசையில் விரைந்து சுழலும்போது, வண்டியின் உடல் எதிர்த் திசையில் சற்றே திரும்புகிறது. நியூட்டன் வகுத்த வினை எதிர்வினை விதி, புத்தகத்தின் பக்கத்தை விட்டு வெளியேறி, செம்மண் மேட்டின்மேல் கண்முன் பறந்து காட்டுகிறது.

பந்தய நாளின் ஒழுங்குமுறையும் அறியத் தக்கது. ஓட்டுவோர் அனைவரும் உயர்ந்த மேடை ஒன்றில் வரிசையாக நிற்பர். முற்காலத்தில் இருவர் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால், ஒருவன் இட்ட ஆணைக்கு மற்றவன் வண்டி தடுமாறும். அதனால் அலைவரிசைகளைப் பங்கிட்டு, ஒவ்வொருவரும் தம் முறைக்குக் காத்திருந்தனர். இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் கருவிகள் தத்தம் வண்டியோடு மட்டுமே பேசுகின்றன. ஒவ்வொரு வண்டியிலும் அடையாளம் அனுப்பும் சிறு கருவி இருக்கும். பாதையில் புதைத்த கம்பியை வண்டி கடக்கும்போதெல்லாம் கணிப்பொறி அதனைக் குறித்துக்கொள்ளும். தகுதிச் சுற்றுகள் பொதுவாக ஐந்து நிமிடம் நடைபெறும். அவற்றில் பெற்ற இடத்திற்கேற்ப ஓட்டுவோர் பல பிரிவுகளாக வகுக்கப்படுவர். ஆதலால் புதியவனுக்கும் அவனை ஒத்தவரோடு போட்டியிடும் வாய்ப்புக் கிட்டுகிறது.

இவ்வொழுங்குகளுள் தலைசிறந்தது ஒன்று உண்டு. ஒரு குழுவினரின் ஓட்டம் முடிந்ததும் அவர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு நிழலுக்குச் சென்றுவிடுவதில்லை. அடுத்த குழு ஓடும்போது, அவர்களே பாதையின் வளைவுகளில் ஆளுக்கோர் இடத்தில் நிற்கின்றனர். எவருடைய வண்டி கவிழ்ந்தாலும் ஓடிச் சென்று நிமிர்த்தி வைப்பது அவர்கள் கடமை. பல மன்றங்களில் இக்கடமையிலிருந்து தவறியவன், தான் ஓடிப் பெற்ற பயனையும் இழக்கிறான். கவிழ்ந்து கிடப்பது தன்னை முந்திச் செல்லக்கூடிய போட்டியாளனின் வண்டியாக இருக்கலாம். அதனை நிமிர்த்தாமல் ஒரு நொடி தாமதித்தால் தன் இடம் நிலைக்கவும் கூடும். ஆயினும் அவன் ஓடுகிறான். வரும் வண்டிகளை இருபுறமும் பார்க்கிறான். கவிழ்ந்ததை எடுத்து, சரியான திசையில் வைத்து விலகுகிறான். மேடையில் நிற்பவன் நன்றி கூற நேரமின்றி விரைந்துவிடுகிறான். சற்று முன்னர் இவன் வண்டி கவிழ்ந்தபோதும் எவனோ ஒருவன் இவ்வாறே ஓடி வந்தான் அன்றோ?

இவ்விளையாட்டில் பழகிய கை பெரிய செயல்களுக்கும் உதவும். கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன், வெளிநாட்டுப் பந்தயக் கார்களின் பெருவிலையைக் கண்டு தளரவில்லை. 1980-களின் இறுதியில் மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு, இளைஞர் பலர் பந்தயத்தில் இறங்கத்தக்க எளிய கார்களை உள்ளூரிலேயே உருவாக்கினார். 1995-இல் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயப் பாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அதே கோயம்புத்தூரின் நாராயண் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கொங்கு நாட்டுப் பட்டறைகளின் கைவினைக்கும் பந்தயத்துக்கும் உள்ள உறவை இவை புலப்படுத்துகின்றன. இன்று மின்சார வாகனங்கள் சாலையில் பெருகி வருகின்றன. மோட்டாரும் பாட்டரியும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியும் சேர்ந்த சிறுதேரைப் பிரித்துப் பூட்டிய மாணவன், நாளை நாமக்கல்லில் மின்சார லாரிக்குப் பாடி கட்டும் காலம் வரும்போது திகைத்து நிற்கமாட்டான்.

எல்லா மாணவரும் பந்தயத்தில் வெல்வது இயலாது. வெல்ல வேண்டுவதும் இல்லை. ஆயினும் திருகை அளவறிந்து முறுக்கவும், தீயுள்ள பொருளை விழிப்போடு காக்கவும், எதிரே வருவதன் இடத்தில் நின்று வலம் இடம் காணவும், தன் ஓட்டம் முடிந்தபின் பிறர் ஓட்டத்திற்குத் துணை நிற்கவும் இச்சிறுதேர் எல்லார்க்கும் கற்பிக்கும். இவற்றைக் கற்ற பிள்ளை, வளர்ந்து பெரிய வண்டியின் சக்கரத்தைப் பிடிக்கும் நாளில், அவனை நம்பிச் சாலையில் நடப்போர் அச்சமின்றி நடக்கலாம்.